ஏதென்ஸின் டைமன்: மூலப்பிரதியா, வெட்டிய பிரதியா?

1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் தொகுப்பில், வாரி வழங்கியே ஏழையாகும் பணக்காரன் டைமனைப் பற்றிய இந்த நாடகம் முழுமையாகச் சீர்செய்யப்படாத நிலையிலேயே இருக்கிறது. சக நாடகாசிரியர் தாமஸ் மிடில்டனின் கையும் அதில் உண்டு என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். அப்படியே மேடையேற்றினால் முதலில் இடிப்பது பணக்கணக்கு. நண்பன் வென்டிடியஸைக் கடன் சிறையிலிருந்து மீட்க 5 டாலண்ட் (பழைய கிரேக்கப் பண அளவு) போதும். பிறகு தானே கடனில் மூழ்கிய டைமன் நண்பர்களிடம் 50, செனட்டர்களிடம் 1000 என்று கேட்கிறான். ஒரு டாலண்ட் ஏறக்குறைய 26 கிலோ வெள்ளி! வெட்டிய பிரதியில் 'பெருந்தொகை' என்று மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. கடைசியில் வரும் டைமனின் கல்லறை வாசகமும் அப்படித்தான்: 'என் பெயரைத் தேடாதே' என்ற கையோடு 'இங்கே கிடப்பவன் டைமன்' என்கிறது. ஒன்றை நீக்கியே ஆக வேண்டும்.

ஆனால் நண்பர்கள் டைமனுக்குக் கடன் மறுக்கும் மூன்று காட்சிகளில் கத்தரி வைக்கக் கூடாது. நண்பன் லூக்குல்லஸ், டைமனுடைய வேலைக்காரன் கையில் சில்லறையைத் திணித்து, 'என்னைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு' என்கிறான். இது போனால், அந்த நண்பர்களுக்கு டைமன் மூடிய பாத்திரங்களில் வெந்நீர் பரிமாறும் விருந்து வெறும் வேடிக்கையாகிவிடும்.

மனிதரை வெறுத்து டைமன் ஊரைவிட்டுப் போய் வாழும் குகைக் காட்சிகள் வேறு கதை. கிழங்கு தோண்டியவனுக்குத் தங்கம் கிடைக்க, ஆட்கள் வரிசையாக வந்து வசை வாங்கிப் போகிறார்கள், பார்வையாளர் களைத்துவிடுவார். கவிஞன், ஓவியன் பகுதியைச் சுருக்கலாம். எதையும் ஏளனம் செய்யும் தத்துவவாதி அபெமன்டஸையும் டைமனின் விசுவாசமான காரியஸ்தன் ஃப்ளேவியஸையும் தொடாதீர்கள்.