சீழ் வடிந்த பிறகும் நொண்டும் குதிரை: கட்டுப் போடுவதைத் தொடர்வதா, எக்ஸ்ரே படம் எடுப்பதா?

குளம்பில் சீழ் கட்டிய குதிரை மூன்று காலில்தான் நிற்கும். நான்காவது காலின் நுனி மட்டும் தரையில் பட்டும் படாமலும் இருக்கும். எலும்பு முறிந்துவிட்டதோ என்றே முதலில் பதறுவோம். அடிக்குளம்பைச் சீவித் துளை கிடைத்ததும் சாம்பல் கலந்த கறுப்பு நீர் கசியும், நாற்றம் கொட்டில் முழுவதும் பரவும். ஓரிரு நாளில் குதிரை காலை ஊன்றிவிடும். இதுவரை யாருக்கும் குழப்பமில்லை. வடிந்து ஒரு வாரம் ஆன பிறகும் நொண்டல் மிச்சமிருந்தால்தான் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கிய என் செவலைக்கு ஐப்பசி மழையில் இடது முன்னங்காலில் இப்படி வந்தது. முன்பக்கம் திறந்து வடித்தோம். மூன்று நாள் நன்றாக நடந்தது. பிறகு மறுபடியும் நொண்டியது. ‘உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டுங்கள், மிச்சமும் வடிந்துவிடும்’ என்றார்கள். நானும் பதினெட்டு நாள் கட்டினேன். அது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

கட்டு மட்டமான வைத்தியம் என்பதல்ல. வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பு கரைத்து 15, 20 நிமிடம் காலை வைத்திருந்து, தவிட்டுப் பற்று போட்டு, குழந்தைகளின் டயப்பரைச் சுற்றி, மேலே அகல ஒட்டு நாடாவை இறுக்குவது முதல் மூன்று நான்கு நாளுக்கு அருமையான வழி. துளை அடைபடாது, அழுக்கு ஏறாது, செலவும் குறைவு. அதற்கு மேல் நீட்டினால் குளம்பு ஊறிவிடுகிறது. பதினைந்தாம் நாள் செவலையின் அடிக்குளம்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன், ஊறிய தோல்போல உள்வாங்கியது. அப்படிப்பட்ட குளம்போடு கல்லில் கால் வைத்தால் எந்தக் குதிரையும் நொண்டும். நோயால் நொண்டுகிறதா, நம் வைத்தியத்தால் நொண்டுகிறதா என்பதே அதன்பின் தெரியாமல் போகிறது.

எக்ஸ்ரேயின் பலம் வேறு. சீழோடு காற்றும் சேர்ந்திருந்தால் படத்தில் கறுப்புத் திட்டாகத் தெரியும். குளம்பு எலும்பின் விளிம்பு அரித்திருக்கிறதா, அதில் விரிசல் உண்டா, குளம்புச் சுவருக்குள் கட்டி வளர்ந்து எலும்பைக் குடைகிறதா என்பதையெல்லாம் கட்டு ஒருநாளும் காட்டாது. குறையும் உண்டு. எலும்பு அரிப்பு படத்தில் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். முதல் வாரப் படம் சுத்தமாக இருந்தால் நிம்மதி அடைந்துவிட முடியாது. அடிக்குளம்பின் நடுவிலுள்ள முக்கோண மெத்தையின் இரு பள்ளங்களையும் சுத்தம் செய்து நிரப்பாமல் எடுத்தால், அங்குள்ள காற்றே பொய்க்கோடு போடும். வண்டி வாடகையும் இருக்கிறது.

இரண்டில் எதை எடுப்பது என்பதை நான் காலைப் பார்த்தே முடிவு செய்கிறேன். குளம்புக்கு மேலே, கணுவின் பின்புறம் இரு ஓரத்திலும் விரலை வைத்தால் நாடி தெரியும். நலமான காலில் அது தேடித்தான் கிடைக்கும். சீழ் இருந்தால் விரலை முட்டும். மணலில் சீராக நடந்து சரளையில் மட்டும் தயங்கினால் பெரும்பாலும் அடிக்குளம்பு மெலிந்த கூச்சம்தான். கட்டுப் போடுவதை நிறுத்தி உலரவிட்டால் போதும். மணலிலும் நொண்டி, நாடியும் துடித்து, இடுக்கியால் அழுத்தும்போது ஒரே இடத்தில் காலை இழுத்துக்கொண்டால், உள்ளே இன்னொரு சீழ்ப்பை இருக்கிறது. வடிந்த இரண்டு நாளில் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றாலும், தேறி மறுபடி நொண்டினாலும் படம்தான். ஆணி முக்கோண மெத்தையில் குத்தியிருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. ஆணியைப் பிடுங்காமல் அன்றே படம் எடுக்க வேண்டும். மூட்டு வரை போயிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

படம் இல்லாமல் கத்தியால் தேடிக்கொண்டே போவது மூன்றாவது வழி. இதை நான் ஏற்கவில்லை. வடிவதற்குச் சிறு துளை போதும். அகலமாகக் குடைந்தால் உள்ளிருக்கும் உயிர்த்தசை பிதுங்கிக்கொண்டு வரும், ஆறவும் மாதக்கணக்காகும்.

வலி மருந்து கொடுக்க வேண்டும், கூடாது என்னும் இரு கட்சியும் பாதி சரி. தொடர்ந்து கொடுத்தால் நொண்டல் மறைந்து நம்மை ஏமாற்றும், வயிற்றில் புண்ணும் வரும். கொடுக்காமலே விட்டால் எதிர்க்கால் முழு எடையையும் சுமக்கும். 2006இல் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பாரோவுக்கு அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்கால் முறிந்தது. எலும்பு சேர்ந்துகொண்டு வந்தபோதிலும் எடையைச் சுமந்த இடது பின்குளம்பில் லாமினைட்டிஸ் (குளம்பையும் உள் எலும்பையும் பிணைக்கும் திசுவின் அழற்சி) வந்தது. அடுத்த ஜனவரியில் வலது பாதத்தில் சீழ்க்கட்டும் சேர, கடைசியில் முன்குளம்புகளும் கெட்டு, அதைக் கருணைக்கொலை செய்தார்கள். ஆகவே மருத்துவர் சொல்லும் அளவில் சில நாள் கொடுங்கள். நொண்டலைக் கணிக்கப்போகும் நாளில் நிறுத்துவதா என்று அவரிடமே கேளுங்கள். ஆன்டிபயாடிக் சீழ்ப்பைக்குள் சரியாகப் போய்ச் சேராது; எலும்பைத் தொட்டிருந்தால் கட்டாயம் வேண்டும். டெட்டனஸ் ஊசியில் மட்டும் விவாதமே கூடாது. குதிரையைப்போல அந்த நோய்க்கு எளிதில் இரையாகும் பிராணி அரிது.

தேறும் காலத்துக்கு, தகடு வைத்த லாடம் நன்றாகக் காக்கும். ஆனால் ஆணி அடிப்பதே வலிக்கும், உள்ளே பார்க்கவும் முடியாது. கழற்றி மாட்டும் குளம்புக் காலணியைத்தான் (பூட்ஸ்) நான் விரும்புகிறேன். தினமும் கழற்றி உலர்த்த வேண்டும் என்ற வேலை இருக்கிறது, இருக்கட்டும். வடிந்து முடிந்த குதிரையைக் கொட்டிலிலேயே அடைக்காமல் காய்ந்த மண்ணில் மெதுவாக நடத்தினால் குளம்புக்கு இரத்தம் ஓடும்.

செவலையின் படத்தில் பழைய துளைக்குப் பின்னால், பக்கச் சுவரை ஒட்டி, புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தது. மருத்துவர் அங்கே திறப்பதற்குள் ரோமமும் குளம்பும் சேரும் விளிம்பில் ஈரக் கீறல் விழுந்து சீழ் மேலேறி வந்துவிட்டது. கீழேயும் திறந்துவிட்டார். மூன்றாம் நாள் செவலை நான்கு காலிலும் நின்று கொள்ளு தின்றது. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். அந்தக் கீறல் இப்போது குறுக்கு வெடிப்பாகச் சுவரின் பாதிவரை இறங்கியிருக்கிறது. லாடக்காரர் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வந்து சீவும்போது, வெடிப்புக்குள் மண் ஏறியிருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்க்கிறார்.