பார்க்கர் 51 ஏரோமெட்ரிக்: எழுதுவதற்காக வாங்கும் பழைய பேனா

பழைய மைப்பேனா வாங்க நினைப்பவர் முதலில் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அதை அழகுக்காகப் பெட்டியில் வைக்கப் போகிறோமா, நாள்தோறும் எடுத்து எழுதப் போகிறோமா? எழுதுவதுதான் நோக்கம் என்றால், இங்கிலாந்தின் நியூஹேவன் தொழிற்சாலையில் செய்யப்பட்ட பார்க்கர் 51 ஏரோமெட்ரிக் பேனாவைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இதுவரை கையாண்டதில்லை. என்னிடம் இருப்பது அடர் சிவப்பு உடலும் மங்கிய வெள்ளி நிற எஃகு மூடியும் கொண்டது. அதில் எழுதிய அனுபவத்தையும், நண்பர்களுக்காகத் துப்புரவு செய்து கொடுத்த அதே வகைப் பேனாக்கள் கற்றுத்தந்ததையும் கொண்டு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

1888இல் தொடங்கப்பட்ட பார்க்கர் நிறுவனம், தன் 51ஆம் ஆண்டான 1939ஐ நினைவில் நிறுத்தி இந்தப் பேனாவுக்கு எண்ணையே பெயராக வைத்தது. அமெரிக்கச் சந்தைக்கு இது 1941இல் வந்தது. அக்காலத்தில் விரைவில் உலரும் காரத்தன்மை மிகுந்த மை ஒன்றையும் பார்க்கர் தயாரித்தது. அந்த மை சாதாரணப் பேனாக்களின் உடலையும் ரப்பரையும் அரித்துவிடும் என்பதால், பார்க்கர் 51இல் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கையோடு விற்கப்பட்டது. அதைத் தாங்குவதற்காகவே பேனாவின் உடல் லூசைட் என்னும் அக்ரிலிக்கில் செய்யப்பட்டது. மை திறந்த காற்றில் பட்டு நிப்பிலேயே உலர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, குழாய் வடிவத் தங்க நிப்பு கூம்பு வடிவ உறைக்குள் மறைக்கப்பட்டு, முனை மட்டும் சிறிதளவு வெளியே நீட்டி நின்றது. உறைக்குள்ளே, நிப்பையும், அதற்கு மையைக் கொண்டுசெல்லும் நாக்கையும் சுற்றி, நெருக்கமான மெல்லிய தகடுகள் அடுக்கிய மை சேகரிப்பான் இருக்கிறது. கையின் சூட்டில் பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும்போது, அந்த மிகை மையை இதுதான் பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்தப் பேனாவின் நல்ல குணங்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பகுதியிலிருந்தே வருகின்றன.

மை நிரப்பும் முறையில் பார்க்கர் 51 இரு வகைப்படும். 1948 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட வாக்குமேட்டிக் வகையில், பின்முனையிலுள்ள சிறு தண்டை அழுத்தி அழுத்தி ரப்பர் சவ்வின் அசைவால் மையை ஏற்ற வேண்டும். அந்தச் சவ்வு நாளடைவில் இறுகியோ கிழிந்தோ போகும் என்பதால், இதுவரை மாற்றப்படாத சவ்வுள்ள பேனாவைப் பழுதுபட்டது என்றே கொண்டு விலை பேச வேண்டும். மாற்றுவதற்கும் தனிக் கருவி தேவை. 1948இல் வந்த ஏரோமெட்ரிக் வகையில், உலோகக் கூட்டுக்குள் ஒளி ஊடுருவும் பிவிசி பை ஒன்று இருக்கிறது. கூட்டின் பக்கத்திலுள்ள பட்டையை அழுத்தினால் பை சுருங்கி, விட்டால் மையை உறிஞ்சும். எழுபது ஆண்டுகளுக்கு முன் பொருத்திய பை இன்றும் மிருதுவாக இருப்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். முதல் பழைய பேனாவாக வாங்குபவருக்கு ஏரோமெட்ரிக்கையே பரிந்துரைப்பதற்கு இதுவே முழுமுதற் காரணம்.

வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்காமல், உடலைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். பை கறுத்திருந்தாலும் பாதகமில்லை; அது பழைய மையின் கறையாக இருக்கலாம். அழுத்தும்போது பை மீண்டும் எழுகிறதா, நிப்பை நீரில் வைத்து அழுத்தினால் குமிழிகள் வருகின்றனவா என்பதே முக்கியம். அடுத்து, நிப்பை மூடியிருக்கும் உறையின் விளிம்பில் மயிரிழை விரிசலோ சில்லோ இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். பிறகு முனை. ஒருவரே பல ஆண்டுகள் எழுதிய பேனாவில் முனையின் கடின உலோகம் ஒருபக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கும். அவர் பிடித்த கோணமும் உங்கள் கோணமும் ஒத்துப்போகாவிட்டால் எழுத்து தாளைக் கீறும். மூடியை உடலில் பிடித்து வைக்கும் வளையம் தளர்ந்திருந்தால் மூடி தானே கழன்று விழும், அதைச் சரிசெய்வது எளிதன்று. பின்முனையில் பல்தடம் இருப்பதும், உடலில் பழைய உரிமையாளரின் பெயர் பொறித்திருப்பதும் விலையைக் குறைக்கும்; எழுத்தை அவை எவ்விதத்திலும் பாதிப்பதில்லை என்பதால், பெயர் பொறித்தவற்றை நான் விரும்பியே வாங்குவேன். இணைய ஏலத்தில் வாங்குபவர்கள், உட்கூட்டின் படத்தையும் முனையின் அண்மைப் படத்தையும் அனுப்ப மறுக்கும் விற்பனையாளரை விட்டு விலகுவதே நல்லது.

பெரும்பாலான ஏரோமெட்ரிக் பேனாக்களுக்குச் சீரமைப்பு என்பது தண்ணீரும் பொறுமையும்தான். உடலைக் கழற்றிவிட்டு, நிப்பைச் சாதாரணத் தண்ணீரில் அமிழ்த்திப் பட்டையை அழுத்தி அழுத்தி விட வேண்டும். பின் உறை மூழ்கும் அளவு நீருள்ள சிறு குவளையில் இரவு முழுவதும் நிறுத்தி வைக்க வேண்டும். காலையில் நீர் நீலமாகியிருக்கும். மாற்றிவிட்டு மறுபடியும் வைக்க வேண்டும். சேகரிப்பானின் தகடுகளுக்கு இடையில் இறுகிய மை ஒரே நாளில் கரைவதில்லை என்பதால், பை தெளிந்த பிறகும் பல நாள்கள் நிறம் கசிந்துகொண்டே இருக்கும். முனையை மெல்லிய காகிதத்தில் ஊன்றி வைத்தால், காகிதம் உள்ளிருக்கும் மையை இழுத்துக்கொள்ளும். இத்தனைக்கும் பிறகு மை சீராக வராவிட்டால்தான் உறையைக் கழற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். உறை மரையால் முறுக்கப்பட்டு, அரக்கு வைத்து ஒட்டப்பட்டது; முடி உலர்த்தியால் இதமாகச் சூடாக்கி அரக்கை இளக்கி, வழுக்காத ரப்பர் துண்டால் பிடித்து மெல்லத் திருக வேண்டும். அசையாவிட்டால் மீண்டும் சூடு காட்ட வேண்டுமே தவிர, வலுவைக் கூட்டக் கூடாது. கொதிநீரில் லூசைட் உருக்குலையும். அதைவிடக் கொடியது ஆல்கஹால்: ஸ்பிரிட்டோ சானிட்டைசரோ பட்டால் அக்ரிலிக்கில் நுண்விரிசல்கள் ஓடிவிடும், அவற்றைத் திரும்பச் சரிசெய்ய வழியே இல்லை.

மெருகேற்றுவதிலும் இதே நிதானம் வேண்டும். லூசைட்டில் விழுந்த மெல்லிய கீறல்கள் நுண்ணிய மெருகுப் பசையால் எளிதில் மறைந்து, புதிதுபோல் ஒளிரும். ஆனால் உடலில் மெலிதாகப் பொறித்திருக்கும் நிறுவனத்தின் பெயரும் ஊரின் பெயரும் அதோடு தேய்ந்து போகும். லஸ்ட்ராலாய் என்னும் எஃகு மூடியின் மங்கலான பரப்பு வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. அதைத் தேய்த்துப் பளபளக்க வைத்துவிட்டால் அதன் அடையாளமே போய்விடும். மெருகேற்றாத பேனாவையே நான் விலைகொடுத்து வாங்குவேன்.

இனி எழுத்தைப் பற்றி. இந்த நிப்பு உறுதியானது, அழுத்தினால் வளைந்து கோடு தடிக்காது. ஆங்கிலக் கூட்டெழுத்தில் மெலிவும் தடிப்பும் தேடுபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். தமிழுக்கு அந்தக் குறை தெரியவில்லை. ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் உள்சுழிகளில் வேண்டியது ஒரே சீரான, தடைப்படாத கோடு. அதை இந்தப் பேனா முதற்சொல்லிலிருந்தே தருகிறது. நடுத்தர முனையில் சிறிய சுழிகள் அடைபடுகின்றன, ஆகவே பொடி எழுத்துக்காரர்கள் மெல்லிய முனையைத் தேட வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு எதையேனும் யோசித்துக்கொண்டு இருந்துவிட்டாலும், முனையைத் தாளில் திரும்ப வைத்தவுடன் மை தொடர்கிறது. எடை குறைவு, நீண்ட நேரம் எழுதியும் விரல் வலிப்பதில்லை. குறையாகச் சொல்ல வேண்டியது, நிப்பு மறைந்திருப்பதால் முனை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிவதில்லை என்பது. புதிதாக எடுப்பவர்கள் சிறிது திருப்பிய நிலையில் பிடித்துவிட்டு, பேனா கீறுகிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பையில் மை எவ்வளவு மிச்சம் என்பதும் உடலைக் கழற்றினால்தான் தெரியும்.

ஒத்த தோற்றமுள்ள வேறு பேனாக்களும் சந்தையில் இருக்கின்றன. பார்க்கர் 21 அதே நிறுவனத்தின் மலிவு வகை; அதன் பிளாஸ்டிக் விரிசல் விடக்கூடியது, நிப்பும் தங்கமன்று. 51 ஸ்பெஷல் என்ற வகையிலும் தங்கத்துக்குப் பதிலாக ஆக்டேனியம் என்னும் உலோகக்கலவை நிப்பே இருக்கும். நன்றாக எழுதும், ஆனால் தங்க நிப்பின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. நம் பள்ளிகளில் பலர் எழுதிய சீன ஹீரோ 616இன் மறைந்த நிப்பும், அழுத்தி மை நிரப்பும் முறையும் பார்க்கர் 51இன் வழியில் வந்தவையே. அண்மையில் பார்க்கரே அதே பெயரில் வெளியிட்ட புதிய பேனாவின் மூடி திருகி மூடுவது, நிப்பு அடிப்படை வகையில் எஃகு, மை வருவது கார்ட்ரிட்ஜ் என்னும் மாற்றிப் போடும் மைக்குப்பியிலிருந்தோ, கன்வெர்டர் என்னும் கழற்றி மை நிரப்பும் குழாயிலிருந்தோ. பழையதை அனுபவித்தவர்களுக்கு அது வேறொரு பேனா.

சேகரிப்பில் ஈடுபடுபவர்களுக்கு நிறமும் மூடியும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. கறுப்பும் அடர் சிவப்பும் எளிதில் கிடைக்கும். நாவல்பழ நிறத்துக்கும், இரு முனைகளிலும் மணி பதித்த தொடக்கக்காலப் பேனாக்களுக்கும் விலை ஏறும். தொடக்கக்கால அமெரிக்கத் தயாரிப்புகளின் உடலில், ஆண்டின் கடைசி இலக்கமும் காலாண்டைக் குறிக்கும் புள்ளிகளும் பொறிக்கப்பட்டிருக்கும். உடலும் மூடியும் வெவ்வேறு காலத்தவையாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று ஆராய்பவர்களுக்கு இது முதல் சான்று. எழுதுவதற்கு மட்டும் வாங்குபவர் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, எஃகு மூடியுள்ள கறுப்பு ஏரோமெட்ரிக்கைத் தேடலாம். அந்த வகைதான் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. மைக்குப் பார்க்கரின் குவிங்க் மையோ, நம் கடைகளில் கிடைக்கும் பிரில் அல்லது கேமல் நீலமோ போதும். நிறமித்துகள் கலந்த மைகளையும் இந்தியன் இங்க்கையும் இதில் ஊற்றக் கூடாது. சேகரிப்பானுக்குள் அவை இறுகினால், மேலே சொன்ன தண்ணீர் வைத்தியம் பலிக்காது.