கண்புரைக்கு எந்த லென்ஸ்? மோனோஃபோக்கலா, மல்டிஃபோக்கலா?

கண்புரையைக் கரைக்கச் சொட்டு மருந்து கிடையாது. மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பது ஒன்றுதான் வழி. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் நாங்கள் அதிகம் குழம்பியது எந்த லென்ஸ் என்பதில்தான்.

மோனோஃபோக்கல் ஒரே தூரத்துக்கானது. பெரும்பாலும் தூரப்பார்வைக்குக் கணக்குப் பண்ணி வைப்பார்கள். எதிரே வருபவர் முகம் பளிச்சென்று தெரியும், ஆனால் மாத்திரை அட்டையின் பொடி எழுத்துக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோக்கல் கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்குக் கொஞ்சம், கிட்டத்துக்குக் கொஞ்சம் என்று பங்கு போடுகிறது. அதனால் பலருக்குக் கண்ணாடியே தேவைப்படுவதில்லை. ஆனால் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் குறையத்தானே செய்யும்? மங்கலான வெளிச்சத்தில் தெளிவு சற்றுக் குறையும், இரவில் தெருவிளக்கையும் எதிரே வரும் வண்டி விளக்கையும் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும். நாளாக நாளாகப் பலருக்கு இது பழகிவிடும், சிலருக்குக் கடைசிவரை உறுத்தும்.

அதனால் இரவில் வண்டி ஓட்டுபவருக்கும் விழித்திரைக் கோளாறோ கண் அழுத்த நோயோ உள்ளவருக்கும் நான் மோனோஃபோக்கல்தான் சொல்வேன். விலை கூடியது என்பதற்காகவே மல்டிஃபோக்கல் நல்லது என்று நினைப்பது பெரிய தப்பு. கண்ணில் வேறு கோளாறு இல்லை, கண்ணாடி போடவே பிடிக்காது, வளையத்தைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்பவருக்கு அது உண்மையிலேயே வரம். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் வரும் பார்வைக் குறை) அதிகம் இருந்தால் அதையும் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் கேளுங்கள், அது இரண்டு வகையிலும் உண்டு.

அறுவை முறையைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. பாகோவில், அதாவது புரையை அல்ட்ராசவுண்ட் அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையில், கீறல் 2 முதல் 3 மில்லிமீட்டர், கையால் எடுக்கும் முறையில் 6 மில்லிமீட்டர் அளவு, இரண்டுக்கும் பெரும்பாலும் தையல் வேண்டாம். பாகோவில் கண் சீக்கிரம் தேறும். முற்றிக் கெட்டியான புரைக்கு மற்றதும் நல்ல வழி.

அம்மாவுக்கு முதல் கண்ணில் தூரத்துக்கு மோனோஃபோக்கல் வைத்தோம். கட்டுப் பிரித்த அன்று ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடித் தன் வெள்ளைப் புடவையைப் பார்த்தார்; புரை உள்ள கண்ணுக்கு அது பழுப்பாகத் தெரிந்ததாம். சில வாரம் கழித்து இரண்டாவது கண்ணுக்கு, டாக்டரிடம் பேசி, அதே வகை லென்ஸைச் சற்றுக் கிட்டத்துக்கு வைத்தோம். இப்போது செல்போனைக் கண்ணாடி இல்லாமல் பார்க்கிறார், ஊசியில் நூல் கோக்க மட்டும் கண்ணாடியைத் தேடுகிறார்.