கம்ப்யூட்டர் தானா ரீஸ்டார்ட் ஆகுதா: யூபிஎஸ்ஸா, இன்வெர்ட்டரா, பவர் சப்ளையா?

ரங்கூன்ல கரண்ட் போறதும் வர்றதும் யாருக்கும் புதுசில்ல. ஆனா எங்க வீட்டு கம்ப்யூட்டர் கரண்ட் இருக்கும்போதே, இன்வெர்ட்டர் பக்கத்துல ஓடிக்கிட்டு இருக்கும்போதே தானா அணைஞ்சு தானா எந்திரிக்க ஆரம்பிச்சிடுச்சு. கோயில் தமிழ் வகுப்புக்கு பாடம் டைப் பண்றது, தம்பி ஆன்லைன்ல படிக்கிறது எல்லாமே அதுலதான், அதனால விட்டுட முடியல. விசாரிச்சதுல மூணு வழி சொன்னாங்க, யூபிஎஸ் வாங்கு, இல்ல இருக்கற இன்வெர்ட்டரயே சரியா செட் பண்ணு, இல்லன்னா பெட்டிக்குள்ள இருக்கற பவர் சப்ளைய, அதாவது வீட்டு கரண்ட கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கற டப்பாவ, மாத்து. நான் பவர் சப்ளைய மாத்தினேன், இன்னைக்கு யார் கேட்டாலும் அதத்தான் மொதல்ல சொல்லுவேன்.

எதுக்கும் காசு எடுக்கறதுக்கு முன்னாடி விண்டோஸ்ல ஈவென்ட் வியூவர திறந்து சிஸ்டம் லாக்க பாருங்க. கெர்னல்-பவர் 41னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும், அத பாத்து பயந்துடாதீங்க, மெஷின் முறையா ஷட்டவுன் ஆகலன்னு மட்டும்தான் அது சொல்லுது. அதுக்குள்ள டீடெயில்ஸ்ல பக்செக்கோட்னு ஒண்ணு வரும், அதுதான் முக்கியம். அங்க 0 இருந்தா விண்டோஸுக்கு ப்ளூ ஸ்கிரீன் காட்டக்கூட நேரம் கிடைக்கலன்னு அர்த்தம், கரண்ட் பக்கம் சந்தேகப்படலாம். 0 இல்லாம வேற நம்பர் இருந்தா டிரைவர், ராம் பக்கம் தேடுங்க, இந்த மூணு வழியில எதுவும் பெரும்பாலும் உங்களுக்கு உதவாது.

யூபிஎஸ் பத்தி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கடையில சாதாரணமா கிடைக்கற லைன் இன்டராக்டிவ் வகை யூபிஎஸ்னா மெயின்ஸ்ல (வெளிலேர்ந்து வர்ற கரண்ட்ல) இருந்து பேட்டரிக்கு மாற பெரும்பாலும் 10 மில்லிசெகண்டுக்குள்ளதான் ஆகும், லோ வோல்டேஜ் வந்தாலும் தூக்கி குடுக்கும். கம்ப்யூட்டருக்கு அது போதும். பிரச்சனை பேட்டரிதான். சின்ன யூபிஎஸ்ல இருக்கறது 12 வோல்ட் 7 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரி, எழுத்துல பாத்தா 84 வாட்-ஹவர், ஒரு டெஸ்க்டாப்பையும் மானிட்டரையும் நடைமுறைல கால் மணி நேரம் தாங்கினா பெரிய விஷயம். அது எப்பவாவது ஒரு தடவ கரண்ட் போற ஊருக்காக செஞ்சது. இங்க முறை வெச்சு மணிக்கணக்கா போகுது, யூபிஎஸ் முழுசா காலியாகுது, திரும்ப முழுசா சார்ஜ் ஆக 6, 8 மணி நேரம் வேணும், அது நிறையறதுக்குள்ள அடுத்த கட். அரைகுறை சார்ஜிலயே கிடந்தா லெட் ஆசிட் பேட்டரி உள்ள சல்ஃபேட் படிஞ்சு செத்துடும். போதாததுக்கு நம்ம சூடு வேற, 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரி ஆயுசு ஏறக்குறைய பாதியா குறையும்னு சொல்வாங்க, ஏப்ரல்ல தின்ஜான் (பர்மா புத்தாண்டு தண்ணி திருவிழா) சமயத்துல நம்ம வீடுங்க எப்படி காயும்னு உங்களுக்கே தெரியும். மூணு வருஷம் வரணும்னு சொல்ற பேட்டரி தாமுவேல எங்க மாமா வீட்டுல ஒரு வருஷத்துல படுத்துடுச்சு, அப்புறம் மாத்தினதும் அதே கதிதான். நான் யூபிஎஸ் வேணாம்னு முடிவு பண்ணினது இதுக்காகத்தான், வாங்கற விலைய விட வருஷா வருஷம் அதுக்கு அழற காசுதான் அதிகம்.

இன்வெர்ட்டர் அநேகமா எல்லார் வீட்டுலயும் இப்ப இருக்கு, அதனால செலவில்லாத வழி மாதிரி தெரியும். பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும், யூபிஎஸ் மோட், நார்மல் மோட்னு. நார்மல்ல மாற 20ல இருந்து 40 மில்லிசெகண்ட் வரைக்கும் போகும், ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது ஒண்ணுமில்ல, கம்ப்யூட்டர் விழுந்துடும். சரி யூபிஎஸ் மோட்ல போட்டுடலாமேன்னா அங்க ஒரு சிக்கல், அந்த மோட்ல மெயின்ஸ் 180 வோல்ட் பக்கம் இறங்கினாலே இது கரண்ட் போயிடுச்சுன்னு நெனச்சு பேட்டரிக்கு தாவிடும். எங்க பக்கம் 'மீ லாபி', அதாவது கரண்ட் வந்துடுச்சுன்னு தெருப்பிள்ளைங்க கத்தின அடுத்த நிமிஷமே எல்லா மாடியிலயும் தண்ணி மோட்டார போட்டுடுவாங்க, வோல்டேஜ் அப்படியே படுத்துடும். அப்போ இன்வெர்ட்டர் டக் டக்குன்னு மாறிக்கிட்டே இருக்கும், கரண்ட் இருக்கற நேரத்துலயே பேட்டரி கரையும். ராத்திரிக்கு ஃபேன் ஓடாது.

இப்ப பவர் சப்ளை. கரண்ட் ஒரு நொடிக்கும் குறைவா விட்டுப்போற அந்த இடைவெளிய தாங்க அதுக்குள்ள ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கு, மொட்டமாடி தொட்டில நிக்கற தண்ணி மாதிரி, மோட்டார் நின்னாலும் குழாய்ல கொஞ்ச நேரம் வரும். ஏடிஎக்ஸ்ங்கற டெஸ்க்டாப் பவர் சப்ளை விதிப்படி இந்த தாங்கற நேரம் 16, 17 மில்லிசெகண்ட் அளவுக்கு இருக்கணும். விலை கம்மியான பழைய மாடல்ல, பின்னாடி 115/230னு சிவப்பு சுவிட்ச் இருக்குமே அதுல, கெப்பாசிட்டர் எவ்வளவு நிறையும்ங்கறது மெயின்ஸ் வோல்டேஜ பொறுத்தது. 230 வோல்ட்ல 325 வரைக்கும் நிக்கும், 180 ஆனா 254தான். சேர்ந்திருக்கற சக்தி வோல்டேஜோட இருமடியில போறதால அது கிட்டத்தட்ட 60 சதவீதத்துக்கு இறங்கிடுது, அதுலயும் அடியில இருக்கறத எடுக்க முடியாது. அதாவது நமக்கு எப்ப அது தாங்கணுமோ, சாயங்காலம் லோ வோல்டேஜ்ல, அப்பத்தான் அது கை விடுது. எங்க மெஷின் சாயங்காலத்துல மட்டும் அதிகமா விழுந்ததுக்கு காரணமே இதுதான்.

ஆக்டிவ் பிஎஃப்சின்னு, உள்ள வர்ற வோல்டேஜ தூக்கி ஒரே அளவுல நிறுத்தற சர்க்யூட் இருக்கற பவர் சப்ளை அப்படி இல்ல. உள்ள வர்றது 230 ஆனாலும் 160 ஆனாலும் அது தூக்கி 380 வோல்ட் பக்கம் நிறுத்தி வெச்சுக்கும், தொட்டி எப்பவும் நிறைஞ்சே இருக்கும். இன்னொரு லாபம், அந்த 16 மில்லிசெகண்ட் கணக்கு முழு லோடுக்கு சொல்றது. எங்க மெஷின் சாதாரணமா எடுக்கறது 120, 130 வாட், போட்டது 550 வாட் சப்ளை, அப்போ கணக்குப்படி தாங்கற நேரம் பல மடங்கு கூடுது, இன்வெர்ட்டர் நார்மல் மோட்ல சாவகாசமா மாறினாலும் கம்ப்யூட்டருக்கு தெரியறதில்ல. பேட்டரியும் வீணாகல. பராமரிப்புன்னு பாத்தா வருஷத்துக்கு ஒரு தடவ ஃபேன்ல தூசி ஊதறது, அவ்வளவுதான். மூடிய மட்டும் கழட்டாதீங்க, பிளக்க புடுங்கின அப்புறமும் அந்த கெப்பாசிட்டர்ல உயிருக்கு ஆபத்தான கரண்ட் நிக்கும்.

வாங்கும்போது 80 ப்ளஸ் லேபிள (கரண்ட எவ்வளவு வீணாக்காம மாத்துதுன்னு சொல்றது) மட்டும் பாத்து திருப்திப்படாதீங்க, ஸ்டிக்கர்ல இன்புட் 100-240னு இருக்கான்னு பாருங்க. 200-240 மட்டும் போட்டதும் கடையில இருக்கு, ஆக்டிவ் பிஎஃப்சின்னும் எழுதியிருக்கும், ஆனா நம்ம வோல்டேஜுக்கு அது ஆகாது. இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையா, அதாவது மெயின்ஸ் மாதிரி சீரா இல்லாம கட்டம் கட்டமா கரண்ட் குடுக்கறதா இருந்தா ஆக்டிவ் பிஎஃப்சி சப்ளை சிலது உறுமும், சிலது அணைஞ்சே போகும். எங்களுது மெயின்ஸ் மாதிரியே சீரா குடுக்கற ப்யூர் சைன் வேவ், அதனால அந்த தொல்லைய நான் நேர்ல பட்டதில்ல, உங்களுது என்னன்னு கேட்டு வாங்குங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பிராண்ட் ஆபீஸ் கம்ப்யூட்டர்னா உள்ள கனெக்டரே வேற மாதிரி இருக்கலாம், சாதா ஏடிஎக்ஸ் சப்ளை மாட்டாது, அவங்களுக்கு யூபிஎஸ்தான் சுலபம், பேட்டரி செலவ ஒத்துக்கிட்டு வாங்குங்க. கரண்ட் இல்லாத நேரம் முழுக்க வேலை செய்யணும்னாலும் பவர் சப்ளை மட்டும் போதாது, பெரிய பேட்டரியோட இன்வெர்ட்டர் வேணும்தான். லித்தியம் பேட்டரி இந்த தினசரி காலியாகற வேலைக்கு லெட் ஆசிட்ட விட நல்லா தாங்குது, ஆனா நான் அத கொஞ்ச நாளாத்தான் ஓட்டறேன், அஞ்சு வருஷம் போகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

இதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகற மெஷினுக்குத்தான். அணையாம ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு நின்னா கத வேற, ஹார்ட் டிஸ்க் லைட் விடாம எரியுதான்னு பாருங்க, எரிஞ்சா மொதல்ல ஃபைல் எல்லாம் வேற இடத்துல காப்பி எடுத்துட்டு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற சாஃப்ட்வேர் போட்டு டிஸ்க்க பாருங்க, எரியலன்னா ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86ங்கற சோதனைய ஓட விட்டு ராம் (மெமரி) நல்லா இருக்கான்னு பாருங்க, அதுக்கு முன்னாடி பவர் சப்ளை கடைக்கு போகாதீங்க.