24,500 ரூபாய் கட்டி 1998-ஐப் படித்துவிட்டு வந்திருக்கிறேன்

நேற்று சாயங்காலம் அந்த சென்டரின் படியிறங்கி வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் ‘போகட்டும், நம்ம நேரம்’ என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. போனது 24,500 ரூபாய். என் சம்பளத்தில் ஒன்றரை மாதம்.

சென்டர் பெயரைச் சொல்லப்போவதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கீழே செல்போன் கடை, மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். ‘100% வேலை’ என்று ஃப்ளெக்ஸ். இந்த வகை எல்லா ஊரிலும் ஒன்றாவது இருக்கும். மூன்று மாதத்தில் டேட்டாபேஸோடு (தகவல்களைச் சேமித்து வைக்கும் ஏடு) சேர்த்து விஷுவல் புரோகிராமிங் (பட்டன், பெட்டி எல்லாம் இழுத்துப் போட்டுப் புரோகிராம் செய்வது) சொல்லிக்கொடுப்பதாக யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன். பி.காம். எக்செல் ஓரளவு வரும். யூரியா, டிஏபி, பொட்டாஷ் என்று விவசாயிகளுக்குக் கடனுக்குப் போவதெல்லாம் இன்னும் நீள நோட்டில்தான். கடை முதலாளி அண்ணாச்சிதான் இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பற்றி ஒருநாள் சொன்னார்: “ஏலே, வெளிய கொடுத்தா வருஷா வருஷம் காசு கேக்கான். நீயே படிச்சு ஒண்ணு பண்ணேன், சம்பளத்துல பாத்துச் செய்தேன்.” அந்த வார்த்தையை நம்பித்தான் சென்டருக்குப் போனேன். அண்ணாச்சி மேல் குறை இல்லை.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் ஒன்றும் விவரம் தெரியாதவன் இல்லை. சென்டர் முதலாளி சார் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். வெறும் சாம்பல் நிற ஃபார்ம், அதாவது புரோகிராமின் வெற்றுத் திரை. டூல்பாக்ஸிலிருந்து டேட்டா கண்ட்ரோலை (ஃபார்மை டேட்டாபேஸோடு இணைக்கும் கருவி) இழுத்துப் போட்டார். ப்ராப்பர்ட்டீஸ் விண்டோவில் டேட்டாபேஸ்நேமில் ஒரு அக்செஸ் ஃபைலை (அக்செஸ் என்பது மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) காட்டினார், ரெக்கார்ட்சோர்ஸில் டேபிளைத் தேர்ந்தெடுத்தார். நாலு டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து ஒவ்வொன்றுக்கும் டேட்டாசோர்ஸ், டேட்டாஃபீல்டு கொடுத்தார். எஃப்5 அமுக்கி ஓடவிட்டார். அவ்வளவுதான். பெயர், ஊர், பாக்கி, தேதி எல்லாம் வந்து நிற்கிறது. கீழே நாலு அம்புக்குறி, அமுக்க அமுக்க ஆள் மாறுகிறது. “ஒரு வரி கோட் எழுதலை சார், பாத்தீங்களா?” என்றார். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. என் கடை நோட்டே திரையில் ஏறிவிட்ட மாதிரி இருந்தது. “தமிழ்ல பேர் வருமா சார்?” என்று கேட்டேன். “தாராளமா வரும்” என்றார். அந்தத் ‘தாராளமா’வை இன்னும் மறக்க முடியவில்லை.

கட்டணம் 35,000, இன்றைக்கே சேர்ந்தால் 24,500, ஆஃபர் இன்றோடு முடிகிறது என்றார்கள். பத்தாயிரத்தை அங்கேயே ஜிபேயில் போட்டேன். மீதி 14,500 மறுவாரம். (அந்த ‘இன்றே கடைசி’ போர்டு நேற்றும் அதே இடத்தில் தொங்கியது.)

அப்புறம் வகுப்பு. எழுபத்திரண்டு மணி நேரம் என்றார்கள், நான் குறித்து வைத்ததில் நாற்பத்தொன்று. சொல்லிக்கொடுக்க வந்த பையன் போன பேட்ச்சில் அங்கேயே படித்தவன். முதல் மாதம் முழுக்க ஜெராக்ஸ் நோட்ஸ்: லேபிள் என்றால் என்ன, கமாண்ட் பட்டன் என்றால் என்ன, லிஸ்ட் பாக்ஸுக்கும் காம்போ பாக்ஸுக்கும் வித்தியாசம் என்ன. உள்ளமைந்த ஃபங்ஷன்களை, அதாவது மொழியிலேயே தயாராக இருக்கும் சின்னக் கட்டளைகளை, பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கவைத்தான். லெஃப்ட், ரைட், மிட், லென், ட்ரிம், யூகேஸ், வேல், ஃபார்மட். எது எதற்கு, எங்கே காலை வாரும் என்று ஒரு வார்த்தை இல்லை.

காலை வாரியது. பில் ஃபார்மில் தொகைக்கு, தட்டியதை எண்ணாக மாற்றும் வேல் ஃபங்ஷன் போட்டிருந்தேன், நோட்ஸில் அப்படித்தான் இருந்தது. 1,250 என்று கமாவோடு தட்டினால் மொத்தத்தில் ஒரு ரூபாய்தான் ஏறுகிறது. வேல் இடமிருந்து படித்துக்கொண்டே போகும், எண்ணாகத் தெரியாத எழுத்து வந்தால் அங்கேயே நின்றுவிடும். கமா அதற்கு எண் இல்லை. சிடபிள் என்ற ஃபங்ஷனைப் போட்டால் கமாவையும் புரிந்துகொள்ளும். இது நானே ராத்திரி உட்கார்ந்து தேடித் தெரிந்துகொண்டது. பையனிடம் கேட்டதற்குக் கிடைத்த பதில்: “கமா போடாதீங்க சார்.”

தேதி இன்னும் மோசம். ஜூலை 5-ல் எடுத்த உரத்தை 05/07 என்று பதிந்தால் அக்செஸில் மே 7 என்று போய் உட்காருகிறது. கடன் எடுக்கும் முன்பே கடன்! ஆனால் 13-ம் தேதியிலிருந்து போட்டதெல்லாம் சரியாக இருந்தது. அதனால்தான் ரொம்ப நாள் கண்டுபிடிக்க முடியவில்லை. விஷயம் இதுதான்: எஸ்க்யூஎல் வரிக்குள் (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளை) இரண்டு ஹேஷ் (#) குறிக்கு நடுவே தேதியை வைத்தால் அக்செஸ் அதை அமெரிக்க வழக்கப்படி மாதம் முதல் என்று எடுத்துக்கொள்ளும். 13-வது மாதம் கிடையாது என்பதால் அங்கே மட்டும் புரட்டிப் படிக்கும். ஃபார்மட் ஃபங்ஷனைப் போட்டு வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் கொடுத்தால் தீர்ந்தது. அதே ஃபார்மட், ஒரு மாதம் ஒப்பித்தோமே, அதேதான்! இந்த ஒரு இடத்தைக் காட்டியிருந்தால் நான் கட்டிய காசில் பாதி செரித்திருக்கும்.

சரி, இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டு லேப்டாப்பில் நானே புதிதாக ஒரு அக்செஸ் ஃபைல் செய்து, முதல் நாள் சார் காட்டியது போலவே டேட்டா கண்ட்ரோலில் கொடுத்தேன். ‘அன்ரெகக்னைஸ்டு டேட்டாபேஸ் ஃபார்மட்’, அதாவது இந்த ஃபைல் வகை அடையாளம் தெரியவில்லை என்று வந்தது. தேடிப் பார்த்த பிறகுதான் எனக்குச் சங்கதியே விளங்கியது. அவர்கள் சொல்லிக்கொடுத்தது விஷுவல் பேசிக் 6. அது வெளிவந்த வருஷம் 1998. அந்த டேட்டா கண்ட்ரோல் அந்தக் காலத்து அக்செஸ் ஃபைலுக்காகச் செய்தது. அக்செஸ் 2007-லிருந்து வந்த புது வகை ஃபைல் அதற்கு என்னவென்றே தெரியாது. முதல் நாள் சார் திறந்து காட்டியது பழைய வகையில் பத்திரமாக எடுத்து வைத்திருந்த ஃபைல். அந்த மூன்று நிமிஷத்துக்காகவே வைத்திருந்தது.

விஷுவல் பேசிக்கைக் குறை சொல்லவில்லை. 1991-ல் முதல் பதிப்பு வந்தபோது, பட்டனை இழுத்துப் போட்டு அதன் க்ளிக்கில் நாலு வரி எழுதினால் போதும் என்பது பெரிய காரியம்தான். இன்றும் அந்தப் புரோகிராம்கள் விண்டோஸில் ஓடுகின்றன. ஆனால் அந்த 6-ம் பதிப்பில் புரோகிராம் எழுதும் மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை முழுதாக நிறுத்தியது 2008 ஏப்ரலில். இப்போது அதே வேலைக்கு மைக்ரோசாஃப்ட் தரும் விஷுவல் ஸ்டுடியோவில் கம்யூனிட்டி பதிப்பு 2014-லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. தனியாகப் படிக்கிறவன் காசே கொடுக்க வேண்டாம். இவர்கள் எனக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தது கிராக் செய்த பழைய சிடி. அதற்கு 24,500 ரூபாய். ஃப்ளெக்ஸில் ‘லேட்டஸ்ட் சிலபஸ்’.

தமிழ்? சொல்கிறேன். முத்துலட்சுமி என்று ஒரு வாடிக்கையாளர் அக்கா பெயரைத் தட்டினேன். பதின்மூன்று கேள்விக்குறி வந்தது. எண்ணிப் பார்த்தேன். யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) கொம்பு, புள்ளி, விசிறி எல்லாம் தனித்தனி எழுத்தாகத்தான் போகும், அந்தக் கணக்கில் பெயருக்குப் பதின்மூன்று. விஷுவல் பேசிக் 6-ன் டெக்ஸ்ட் பாக்ஸுக்கும் லேபிளுக்கும் யூனிகோடு காட்டத் தெரியாது, ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி. அந்தக் காலத்தில் இதற்காகவே தனித் தமிழ் ஃபாண்ட் போட்டு ஒப்பேற்றினார்கள். பையனிடம் காட்டினேன். “இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க” என்றான். அந்த அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பில்லில் தன் பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் எடுப்பார்.

அதன் பிறகு, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆரம்பித்தது அலைச்சல். முதல் தடவை போனால் “சார் வெளியூர்”. இரண்டாம் தடவை “ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்”. ஹெட் ஆபீஸ் எங்கே என்றால் ரிசப்ஷன் பெண் சுவரைப் பார்க்கிறாள், பாவம், அவளுக்கே மூன்று மாதச் சம்பளம் பாக்கியாம். மூன்றாம் தடவை முதலாளி சாரைப் போனில் பிடித்தேன். “படிச்சது புரியலைன்னா அடுத்த பேட்ச்ல ஃப்ரீயா உக்காருங்க சார்” என்றார். அதே ஜெராக்ஸை இன்னொரு தடவை ஒப்பிக்க! அடுத்து வாட்ஸப்பில் எழுதினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

நேற்று நேரிலேயே பிடித்துவிட்டேன். “தமிழ்ல வரும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?” என்றேன். “வரும்னு சொன்னேன், இந்தக் கோர்ஸ்ல வரும்னு சொன்னேனா?” என்றார். சிரித்துக்கொண்டே. பிறகு என் ரசீதையே வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு அளவில் அச்சடித்த வரியைக் காட்டினார்: கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது. ரசீதை வாங்கிய அன்று நான் முன்பக்கத்தில் 24,500 சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். முன்பக்கம் சரியாகத்தான் இருந்தது.

சர்டிபிகேட் கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ‘அரசு பதிவு பெற்றது’ என்று கொட்டை எழுத்து, பக்கத்தில் ஒரு எண். தேடினால் அது சிறுதொழில் பதிவு எண். டீக்கடைக்காரரும் ஆன்லைனில் இலவசமாக எடுக்கிற பதிவு. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் சிஓஏ (ஆபீஸ் வேலைக்கான கம்ப்யூட்டர்) தேர்வு மாதிரியா இதுவும் என்று கேட்டதற்கு, “அதைவிட வேல்யூ சார்” என்றார்.

இன்று காலை 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்தேன். விவரம் கேட்டுப் புகார் எண் கொடுத்தார்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். போவேன். 24,500 ரூபாய் வருமோ வராதோ, சிரித்தாரே, அதற்காகவாவது போவேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், நேரம் இல்லை, சட்டென்று சொல்லிவிடுகிறேன். மென்பொருளின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், பதிப்பையும் வருஷத்தையும் கேளுங்கள். டெமோவை அவர்கள் ஃபைலில் பார்க்காதீர்கள், உங்கள் லேப்டாப்பில் உங்கள் ஃபைலைக் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். டெக்ஸ்ட் பாக்ஸில் அங்கேயே உங்கள் அம்மா பெயரைத் தமிழில் அடித்துப் பாருங்கள். முழுப் பணத்தையும் கட்டாதீர்கள். ரசீதைத் திருப்பிப் பாருங்கள். ‘தாராளமா’ என்று சொன்னால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

லோடு வந்துவிட்டது, அண்ணாச்சி கூப்பிடுகிறார். நாற்பது மூட்டை யூரியா, இறக்கி வரவு எழுத வேண்டும். நீள நோட்டில்தான்.