உதிர்ந்த கொம்பு தேடுவோருக்கு ஆன்எக்ஸ் ஹன்ட் செயலி: கொலராடோவிலிருந்து ஒரு மதிப்பீடு

டென்வரில் குடியிருக்கும் எனக்கு வசந்த காலம் என்றால் மே முதல் தேதிதான். கொலராடோவில் இன்டர்ஸ்டேட் 25 நெடுஞ்சாலைக்கு மேற்கே உள்ள பொது நிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை உதிர்ந்த கொம்புகளைப் பொறுக்கத் தடை இருக்கிறது. தடை நீங்கியதும் நானும் என் நண்பரும் மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள மாஃபட் கவுண்டிக்குக் கிளம்பிவிடுவோம். நண்பர் அந்தப் பக்கத்துக் கிரெய்க் ஊரில் வளர்ந்தவர். சேஜ் புதர்களும் ஜூனிப்பர் மரங்களும் மண்டிய அந்தக் கரடுமுரடான மலைகளில் எங்களுக்கு வழிகாட்டுவது ஆன்எக்ஸ் ஹன்ட் என்ற வரைபடச் செயலி. இந்தப் பொழுதுபோக்குக்கு எதில் பணம் போடுவது என்று யாராவது கேட்டால், காலணிக்கு அடுத்தபடியாக இதைத்தான் சொல்வேன்.

கொம்பு பொறுக்குவதற்கு எதற்கு நில வரைபடம் என்று தோன்றலாம். எல்க் மானும் மியூல் மானும் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கின்றன. குளிர்காலத்தின் பின்பகுதியில் ஆண் மானின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் குறையும்போது கொம்பின் அடிப்பகுதி எலும்பு கரைந்து கொம்பு தானாக விழுந்துவிடுகிறது. மியூல் மான்கள் பெரும்பாலும் மார்ச்சுக்குள் உதிர்த்துவிடும். எல்க் மான்கள் மார்ச், ஏப்ரல் வரை சுமந்து திரியும். விழுந்த கொம்பை எடுப்பதில் மானுக்குத் துன்பமில்லை. ஆனால் அது யார் நிலத்தில் விழுந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பி.எல்.எம். எனப்படும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை நிலத்தில் கிடந்தால் எடுக்கலாம். தனியார் பண்ணையில் கிடந்தால் உரிமையாளரைக் கேட்காமல் தொடக்கூடாது. சற்று மேற்கே தள்ளி டைனோசர் தேசிய நினைவிடத்தின் எல்லைக்குள் கிடந்தால் யாருமே எடுக்கக்கூடாது. மூன்று நிலங்களிலும் ஒரே புதர், ஒரே மண், ஒரே வானம். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது.

செயலி அதைப் பிரித்துக் காட்டுகிறது. பி.எல்.எம். நிலம் மஞ்சள், வனத்துறை நிலம் பச்சை, மாநில அரசின் நிலம் நீலம். தனியார் நிலத்தைத் தொட்டால் உரிமையாளர் பெயரும் பரப்பளவும் வந்து நிற்கின்றன. புலப்படத்தையும் பட்டாவையும் ஒரே திரையில் விரித்துவைத்ததற்குச் சமம். அதன்மேல் நாம் நிற்கும் இடம் ஒரு நீலப் புள்ளியாக நகர்ந்துகொண்டே வருகிறது.

கிராஸ் மலையின் அடிவாரத்தில் நடந்ததைச் சொன்னால் இதன் அருமை விளங்கும். நண்பர் பைனாகுலரில் ஒரு ஜூனிப்பர் மரத்தடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உலர்ந்த கிளைகளுக்கு நடுவே ஒரு கிளையின் வளைவு மட்டும் மற்றவற்றோடு சேராமல் இருந்தது. எங்களுக்கும் அந்த மரத்துக்கும் நடுவில் முள்கம்பி வேலி. வேலிக்கு அப்பால் தனியார் நிலம் என்றே எவரும் நினைப்பார்கள். செயலியில் பார்த்தால் உண்மையான எல்லை வேலியைத் தாண்டி வெகுதூரத்தில் இருந்தது. மாடுகளைத் தடுப்பதற்காக பி.எல்.எம். நிலத்துக்குள்ளேயே போட்ட வேலி அது. கம்பிக்கடியில் குனிந்து போனோம். ஆறு கிளைகள் கொண்ட எல்க் கொம்பு, அந்த வருடத்தது, காப்பிக்கொட்டை நிறம். அடிப்பகுதியில் வளையமாகச் சொரசொரப்பான முடிச்சுகள். கிளைகளின் நுனி மட்டும் தேய்ந்து தந்த நிறமாகியிருந்தது. ஒரு நுனியில் எலிப்பல் தடம் வரிவரியாகத் தெரிந்தது. சுண்ணாம்புச் சத்துக்காக எலிகள் கொம்பைக் கொறிக்கும். தூக்கித் தோளில் வைத்தபோது நண்பர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை அவர் சொந்த வீடு வாங்கியபோதுகூட நான் பார்க்கவில்லை.

இரண்டு பேராகத் தேடுவதற்குச் செயலியின் தடக்கோடு வசதி மிகவும் பயன்படுகிறது. ஒருவர் மேல்சரிவிலும் மற்றவர் கீழ்ச்சரிவிலும் இணையாக நடக்கிறோம். நடந்த வழி முழுவதும் கோடாகப் பதிவாகிறது. மதியம் உட்கார்ந்து சாப்பிடும்போது இரு கோடுகளையும் ஒப்பிட்டால் எந்த இடுக்கைப் பார்க்காமல் விட்டோம் என்பது உடனே தெரிந்துவிடும். பனி முதலில் உருகும் தெற்குச் சரிவுகள், மான் தாண்டும்போது அதிர்ச்சியில் கொம்பு கழன்று விழும் வேலியோரங்கள், படுத்திருந்த பள்ளங்கள் என்று கண்ட இடங்களையெல்லாம் குறித்துவைக்கலாம். அடுத்த ஆண்டும் மான்கள் அதே சரிவுகளுக்குத்தான் வருகின்றன.

மேபெல் ஊரைத் தாண்டினால் செல்பேசிச் சிக்னல் நின்று நின்றுதான் கிடைக்கும். வீட்டில் இருக்கும்போதே அந்தப் பகுதி வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துவிட வேண்டும். சிக்னல் இல்லாமலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். குளிரில் செல்பேசி மின்கலம் சீக்கிரம் இறங்கும் என்பதால் பவர் பேங்க் கட்டாயம். நண்பர் பி.எல்.எம். வெளியிட்ட காகித வரைபடத்தையும் பையில் வைத்திருப்பார். அது சரியான பழக்கம். செல்பேசி ஜி.பி.எஸ். சில மீட்டர் முன்பின் காட்டக்கூடியது. ஆகவே எல்லைக்கோட்டை உரசிக்கொண்டு நடக்காமல் தாராளமாக இடம்விட்டு நடப்பதே நியாயம்.

இந்தச் செயலியை நடத்தும் நிறுவனம் 2009ல் மான்டானா மாநிலத்தின் மிசூலாவில் தொடங்கியது. அமெரிக்க மேற்கில் நில எல்லை எவ்வளவு பெரிய விவகாரம் என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரயில் நிறுவனங்களுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக நிலம் வழங்கப்பட்டதால் பல இடங்களில் பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டங்களாக மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. இப்படி மூலையில் பூட்டுண்டு கிடக்கும் பொது நிலம் 83 லட்சம் ஏக்கர் என்று இந்த நிறுவனமே 2022ல் கணக்கிட்டு வெளியிட்டது. 2021ல் வையோமிங்கின் எல்க் மலையில் நான்கு வேட்டைக்காரர்கள் ஏணி வைத்து அத்தகைய மூலையைக் கடந்தார்கள். பண்ணை உரிமையாளர் வழக்குப் போட்டார். அவர்களில் ஒருவர் இந்தச் செயலியில் பதித்த ஒரு புள்ளிகூட வாதப்பொருளானது. 2025ல் பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், தனியார் நிலத்தில் கால் படாமல் மூலையைக் கடக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கொலராடோவும் அந்த வட்டாரத்தில் அடங்கும். ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் போக வேண்டியவர்களுக்கு இது பெரிய விடுதலை. வழக்குக்கு இடம்தராமல் போக வேண்டுமானால் மூலைக்கல்லைக் கண்ணால் கண்டபிறகே கடக்க வேண்டும். செயலி அந்தக் கல்லுக்கு அருகில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான்.

தடைக்காலத்தின் தேதிகளை மட்டும் நான் மாநில வனவிலங்குத் துறையின் அறிவிப்பில்தான் பார்க்கிறேன். கொலராடோவின் கன்னிசன் வடிநிலத்தில் சேஜ் கோழி என்ற காட்டுப்பறவைகளுக்காக மே 15 வரை காலை பத்து மணிக்கு முன் தேடக்கூடாது என்பதுபோல இடத்துக்கு இடம் விதி மாறும். தடைக்குக் காரணம் உண்டு: சேமித்த கொழுப்பிலேயே குளிர்காலத்தைக் கடத்தும் மானைக் குளிர்காலத்தின் கடைசி வாரங்களில் ஓட விரட்டினால் அது செத்துப்போகக்கூடும். 2022-23 குளிர்காலத்தில் மாஃபட் கவுண்டிப் பக்கம் மான்கள் ஏராளமாக மடிந்தன. அதைப் பார்த்த என் நண்பர் ஏப்ரலில் அந்த மலைப்பாதைகளில் வண்டிகூட ஓட்டுவதில்லை.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: முதுமலையிலோ களக்காட்டிலோ புள்ளிமான் கொம்பு கிடந்தால் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உதிர்ந்த கொம்பை எடுத்து வைத்திருப்பதும் குற்றம்.

ஒரு மாநிலத்துக்கான ஆண்டுச் சந்தா முப்பது, முப்பத்தைந்து டாலர் அளவில் வருகிறது. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்தால் ஏறத்தாழ நூறு டாலர். கொலராடோவுக்குள் மட்டும் தேடுபவருக்கு முதலாவதே போதும். வையோமிங்குக்கும் போக நினைப்பவர்கள் பெரிய சந்தாவை வாங்கலாம். அங்கே மேற்குப் பகுதிகளில் மே 1 முதல் ஒரு வாரம் உள்ளூர்க்காரர்களுக்கே உரியது. வெளிமாநிலத்தவர் மே 8 வரை காத்திருக்க வேண்டும், வனவிலங்குப் பாதுகாப்பு முத்திரையும் வாங்கியிருக்க வேண்டும்.