‘கட்-லோடட்’ என்று ஒட்டியிருந்தால் நம்பி வாங்காதீர்கள்

வீட்டில் பியர்டட் டிராகன் என்ற பல்லி வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குட்டிக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது.

நாங்கள் ரொறன்ரோவில், ஸ்காபரோ பக்கம் இருக்கிறோம். மகனின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு குட்டி வாங்கிக் கொடுத்தோம். ஊரில் வேலியில் ஓடும் ஓணானுக்குச் சொந்தம்தான், பிறப்பிடம் மட்டும் அவுஸ்திரேலியா. மகன் டிங்கு என்று பெயர் வைத்தான். தீனியும் அதே கடையில்தான். சாதாரண கிரிக்கெட் பூச்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ‘கட்-லோடட்’ என்று ஒட்டிய பெட்டி, இரண்டு டொலர் கூட. பூச்சிக்குச் சத்துள்ள தீனி கொடுத்து, அதன் வயிறு நிறைந்திருக்கும்போதே விற்கிறோம் என்று அர்த்தம். கல்சியம் பவுடரும் எடுக்கவா என்று கேட்டேன். “தேவையில்லை, எல்லாம் பூச்சிக்குள்ளேயே இருக்கு” என்றார் கடைக்காரர். குட்டி கெதியாக வளரும் என்று ஒரு டப்பா சூப்பர்வோர்ம் புழுவையும் தலையில் கட்டினார்.

மூன்று மாதம் இதுதான் சாப்பாடு.

முதலில் கவனித்தவன் மகன்தான். “அம்மா, டிங்குவின்ர விரல் நடுங்குது.” பின்னங்காலின் நீண்ட விரல், சும்மா படுத்திருக்கும்போதும் விட்டுவிட்டுத் துடித்தது. குளிராக்கும் என்று நினைத்து விளக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். அப்படிக் கடத்திய அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. அடுத்த வாரம் பூச்சியைப் பாய்ந்து பிடிக்க முடியாமல் வயிற்றால் இழுபட்டது.

ஊர்வன பார்க்கும் வைத்தியர் முதலில் விளக்கைப் பற்றித்தான் கேட்டார். யூவிபி என்ற புற ஊதா வெளிச்சம் இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது, அது இல்லாமல் கல்சியம் சேராது. எங்கள் விளக்கு சரியாகத்தான் இருந்தது. அப்புறம் தீனிக்கு வந்தார். எக்ஸ்ரேயில் கால் எலும்புகள் மங்கலாகத் தெரிந்தன, ஒன்று வில்லாக வளைந்திருந்தது. கீழ்த்தாடையை மெதுவாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ரப்பர் மாதிரி அமுங்கியது.

ஒரு கிலோ சூப்பர்வோர்மில் கல்சியம் சுமார் 177 மில்லிகிராம், பொஸ்பரஸ் 2370. கிரிக்கெட்டில் கல்சியம் ஒன்றுக்குப் பொஸ்பரஸ் ஏறக்குறைய ஏழு. இருக்க வேண்டியது இதற்குத் தலைகீழாக, கல்சியம்தான் கூட, இரண்டு மடங்கு என்றால் நல்லது. தீனியில் கிடைக்காத கல்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். சூப்பர்வோர்மில் கொழுப்பு மட்டும் 17 சதவீதத்துக்கு மேல். அதனால்தான் டிங்கு கொழுகொழுவென்று இருந்தது, நாங்களும் நன்றாக வளர்கிறது என்று நம்பினோம்.

திரும்பக் கடைக்குப் போனேன். பூச்சிக்கு என்ன கொடுக்கிறீர்கள், காட்டுங்கள் என்றேன். அங்கே வேலை செய்யும் பெடியன் பின்னால் இருந்த பெரிய தொட்டியைத் திறந்தான். முட்டை அட்டை, தண்ணீருக்குப் பதிலாக ஜெல் உருண்டை. வேறு ஒன்றும் இல்லை, ஒரு கரட் தோல்கூட. அடியில் முறிந்த கால்கள் கிடந்தன. பசித்தால் கிரிக்கெட் ஒன்றையொன்று தின்னும். வந்து ஐந்து நாளாம். என்ன தின்று வந்திருந்தாலும் அதற்குள் வயிறு காலிதான். “பண்ணையிலிருந்து அப்படித்தான் லேபல் ஒட்டி வருது” என்றார் கடைக்காரர். ஒரு சதம் திருப்பித் தரவில்லை. வைத்தியச் செலவு 400 டொலரைத் தாண்டியது.

இப்போது எந்தக் கடைப் பூச்சியாக இருந்தாலும் இரண்டு நாள் வீட்டில் வைத்து, கொலார்ட் கீரை, கரட், கல்சியம் கலந்த தீனி கொடுத்த பிறகுதான் டிங்குவுக்கு. பொஸ்பரஸ் இல்லாத கல்சியம் பவுடரில் குலுக்கி உடனே கொடுக்கிறோம். தாமதித்தால் பூச்சி தன் உடம்பைத் துடைத்துப் பவுடரை உதிர்த்துவிடும். மிஞ்சும் பூச்சியை இரவில் உள்ளே விடாதீர்கள், தூங்கும் பல்லியைக் கடிக்கும். பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் இயற்கையிலேயே கல்சியம் பொஸ்பரஸை விட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது, கிடைத்தால் அதை வாங்குங்கள். தோட்டத்துப் பூச்சி வேண்டவே வேண்டாம். கோடையில் பிள்ளைகள் மின்மினி பிடித்துக்கொண்டு வருவார்கள். ஒரே ஒரு மின்மினி போதும், பியர்டட் டிராகன் செத்துவிடும்.

கல்சியம் மருந்தில் டிங்குவின் நடுக்கம் நின்றுவிட்டது, தாடையும் இறுகிவிட்டது. வளைந்த கால் இனி நிமிராதாம். கடைக்குப் போனால் மகன் ஒவ்வொரு பெட்டியையும் வெளிச்சத்தில் தூக்கி அடியைப் பார்க்கிறான். முறிந்த கால் கிடந்தால் பேசாமல் திருப்பி வைத்துவிடுகிறான்.